கல்நார்க் கொட்டகையில் ஒரு காலை

ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு நிற்கிற ஒரு பெரிய மனிதர் வாசல் தேடி வந்து மன்னிப்புக் கேட்க, "முடியாது" என்று முகத்துக்கு நேரே சொன்ன பெண்பிள்ளை சிங்கப்பூரில் ஜைனப் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சொன்னது பட்டப்பகலில். சொன்ன இடம் தஞ்சோங் பகாரில் அவள் குடியிருந்த ஒற்றை அறையின் வாசல். மாவு பிசைந்த கையைக் கழுவிவிட்டு வந்து சொல்லலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

வந்தவர் நூருல் அமீன் தண்டல். கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் முப்பது கூலிகளுக்குத் தலைவர். தொண்டியிலிருந்தும் அக்கம்பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்தும் ஆள் பிடித்துக் கப்பலேற்றுவது, வந்தவனுக்கு வேலை காட்டுவது, தங்க இடம் காட்டுவது, நோயில் விழுந்தால் வெளியே போகும் வழியைக் காட்டுவது, எல்லாம் அவர்தான். 1913ஆம் வருஷம் அவருக்கு ஐம்பத்தாறு வயது. ஜித்தா கப்பலில் டிக்கட் எடுத்தாயிற்று. புறப்பட இன்னும் பதினெட்டு நாள்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் இப்படி வீடு வீடாகப் போவது வழக்கம். படைத்தவனுக்குச் செய்த குற்றத்தைப் படைத்தவன் மன்னித்துவிடுவான். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும். ஆகையால் கப்பலேறும் முன் உறவு, பகை, அண்டை அயல் என்று எல்லார் படியும் ஏறி இறங்கிவிடுவார்கள். கேட்கிற சொல்லும் ஒன்றுதான், கிடைக்கிற பதிலும் ஒன்றுதான். "பொருந்திக்கிட்டேன், எனக்கும் துஆ செய்யுங்க" என்று தங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொல்லி, நீட்டிய தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொள்வார்கள். யாரும் மறுத்ததாகச் சரித்திரமே கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் தண்டலும் பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டிக்கொண்டு, தட்டும் கையுமாக வந்து நின்றார்.

"ஜைனபு, நான் ஹஜ்ஜுக்குப் போறேம்மா. தெரிஞ்சோ தெரியாமலோ உன் மனசு நோகுறாப்ல ஏதாச்சும் நடந்திருந்தா அல்லாவுக்காகப் பொருந்திக்க."

"ஏதாச்சும்னா என்ன?"

தண்டல் சிரிக்கப் பார்த்தார். "அதான்மா. பொதுவாச் சொல்றதுதானே."

"எம் புருஷன் பொதுவாச் சாகலை. என்ன செஞ்சீங்கன்னு உங்க வாயாலயே சொல்லுங்க. அப்புறம் பொருந்துறதா இல்லையான்னு பார்க்குறேன்."

லெப்பை தொண்டையைக் கனைத்தார். பக்கத்து அறை ஆமினா பீவி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தண்டலின் முகம் சுருங்கியது. "காசத்துல போனவனுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்?" என்றார்.

"அப்ப முடியாது. போயிட்டு வாங்க."

தட்டு நீட்டியபடியே நின்றது. அதிலிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை.

ஜைனபின் புருஷன் ரவூப் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏழு வருஷம் அந்தக் கம்பெனியின் கல்நார்க் கொட்டகையில் வேலை பார்த்தான். கல்நார் என்பது பாறையிலிருந்து எடுக்கிற நார். பார்க்கப் பஞ்சு போலிருக்கும்; நெருப்பில் போட்டாலும் எரியாது. சீமையிலிருந்து சாக்குச் சாக்காக வந்து இறங்கும். சாக்கை அவிழ்த்துக் கொட்டி, கட்டிகளைத் தடியால் அடித்து உதிர்த்து, தொட்டியில் தண்ணீர் விட்டுக் குழைத்து, கப்பலின் பாய்லர் மேலும் நீராவிக் குழாய்கள் மேலும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிற மாதிரி கையால் அப்புவார்கள். சூடு வெளியே போகாமல் காக்குமாம். கப்பலின் சூட்டைக் காப்பதற்கு அத்தனை அக்கறை.

காற்றடித்தால் உதிர்த்த நார் பறந்து வீணாகும் என்று கொட்டகைக் கதவை மூடியே வைத்திருப்பார்கள். உள்ளே எட்டுப் பேர். தகரத்தில் ஆணி ஓட்டை வழியாக வெயில் விழுந்தால் அந்த வெளிச்சத்தில் தூசி மினுமினுக்கும். சாயங்காலம் ரவூப் இமையெல்லாம் நரைத்து வீட்டுக்கு வருவான். "கிழவன் வந்துட்டான்" என்று ஜைனப் கேலி செய்வாள். அவன் சட்டையை வாசற்படியில் அடித்து உதறும்போது அவளுக்கும் தும்மல் வரும். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

ஆறாவது வருஷம் அவனால் மாடிப்படி ஏற முடியவில்லை. ஏழாவது வருஷம் படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினான். முப்பத்துமூன்று வயதுக்காரன் ஒரு குவளைத் தண்ணீரை இரண்டு தடவை நிறுத்திக் குடித்தான். தண்டல் வந்து வாசலில் நின்று பார்த்தார். "இது காசம்" என்றார். கம்பெனி டாக்டரிடமும் அவரே முந்திக்கொண்டு அப்படிச் சொன்னார். டாக்டர் துரை தூரத்தில் நின்றே தலையாட்டிவிட்டுப் போனான்.

காசம் என்ற ஒரு சொல் போதுமே. ஆமினா பீவி தவிர, மாடியிலிருந்த மற்றக் குடும்பங்கள் காலி செய்துகொண்டு போயின. கடைக்காரன் ஜைனபுக்குச் சாமானைத் தரையில் வைத்துத் தள்ளினான். ரவூப் மௌத்தான அன்று சந்தூக்கைத் தூக்க நாலு தோள் கிடைக்கவில்லை. அவன் தம்பி முகைதீன் ஒரு பக்கம், லெப்பை ஒரு பக்கம். மற்ற இரண்டு பேர் தொழ வந்த வழிப்போக்கர்கள், பெயர்கூடத் தெரியாது. ஏழு வருஷம் கூட வேலை பார்த்தவர்களில் ஒருவரும் வரவில்லை. தண்டல் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, போகிற சந்தூக்கைப் பார்த்தார். ஜைனப் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் கம்பெனி வாசலில் இடியாப்பம் விற்கத் தொடங்கினாள். வயிற்றுப்பாட்டுக்கு என்று ஊர் நினைத்தது. பாதிதான் உண்மை. மீதிப் பாதி, தண்டலைப் பார்ப்பதற்கு. இரண்டு வருஷம் பார்த்தாள். கொட்டகைப் பக்கம் வரும்போதெல்லாம் அவர் சுருட்டுப் புகை எந்தத் திசையில் போகிறது என்று ஒரு கணம் கவனித்து, காற்று வருகிற பக்கமாகப் போய் நின்றுகொள்வார். கொட்டகைக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அவர் அக்கா மகன் ஊரிலிருந்து வந்தபோது வேறு இடம் காலியில்லை என்று கொட்டகையில்தான் விட்டார். மூன்று மாதத்துக்குள் அவனை வெளியே எடுத்து, கேட்டில் வண்டி எண்ணுகிற வேலையில் உட்கார வைத்தார். அதே மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு பேருக்குக் "காசம்" வந்தது. அவர்களுக்கும் வெளியே போகும் வழிதான்.

தெரியாமல் செய்தவர் காற்றைப் பார்த்து நிற்கமாட்டார். ஜைனபுக்கு அது போதும்.

மறுநாள் லெப்பை தனியாக வந்தார். நல்ல மனிதர், ரவூபின் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர் என்பதால் அவருக்கு மட்டும் அவள் முக்காலி எடுத்துப் போட்டாள்.

"நீ மன்னிக்காம அவர் போனா, அந்த ஹஜ்ஜு என்ன ஹஜ்ஜு? மனுசன் ராத்தூக்கம் இல்லாம தவிக்கிறாரும்மா."

"எம் புருஷனும் தூங்கலை அய்யா. உக்காந்தே இருந்தார்."

லெப்பை எழுந்து படியிறங்கினார்.

ஆமினா பீவி தன் பங்குக்கு வந்து உட்கார்ந்தாள். "ஒரு சொல்லு தானேடி. சொல்லித் தொலைச்சுடேன். நாளைக்கு அந்த ஆளு சாபம் விட்டா?" என்றாள். "விடட்டும். எனக்கு இனிமே என்ன போறதுக்கு இருக்கு?" என்றாள் ஜைனப். அப்படிச் சொல்லும்போதே முகைதீன் நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். போறதுக்கு இன்னும் ஒருவன் இருந்தான். அண்ணன் செத்த மறு வாரமே அவன் இடத்தில் தம்பியைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார் தண்டல். வேறெங்கேயும் எடுக்கமாட்டார்கள், காசக்காரன் தம்பி என்பார்கள், நான் எடுத்தேனே என்று அதற்கு ஒரு தயவுக் கதை வேறு.

வெள்ளிக்கிழமை முகைதீன் தொழுகை முடிந்து நேரே அவளிடம் வந்தான். படியேறி வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருபத்தாறு வயது. அவன் மூச்சு வாங்குகிற சத்தம் ஜைனபுக்கு ஏற்கெனவே தெரிந்த சத்தம்.

"மதினி, இன்னைக்குப் பள்ளியில ஜனம் பூரா இருக்குறப்ப தண்டல் எந்திரிச்சுச் சொன்னாரு. 'என் மேல யாருக்கு என்ன ஹக்கு, என்ன பாக்கி இருந்தாலும் சரி, மறுமையில கேக்காதீங்க, இங்கேயே வாங்கிக்கங்க, கொடுத்துடுறேன்'ன்னாரு. அழுதுட்டாரு. எல்லாரும் உங்களைத்தான் ஏசுறாங்க."

"என்ன சொன்னாரு? திரும்பச் சொல்லு."

அவன் திரும்பச் சொன்னான். எல்லாரும் சொல்கிற வார்த்தைதான் அது. மாரியம்மன் கோயிலை அடுத்திருக்கும் அந்தப் பள்ளிவாசலில் வருஷத்துக்குப் பத்துப் பேராவது எழுந்து நின்று அதைச் சொல்வார்கள். கேட்பவர்கள் ஆமீன் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார்கள். எழுந்து போய் "எனக்கு வர வேண்டியதைக் கொடு" என்று கேட்டவர் யாருமில்லை. ஜைனப் கேட்டாள்.

லெப்பையிடம் சொல்லி அனுப்பினாள். பணம் வேண்டாம். பண்டம் வேண்டாம். திங்கட்கிழமை காலைச் சங்கு ஊதுவதிலிருந்து மத்தியானச் சங்கு ஊதுகிற வரைக்கும் தண்டல் கொட்டகைக்குள் நின்று சாக்கு அவிழ்த்து நார் உதிர்க்க வேண்டும். ரவூப் பார்த்த அதே வேலை, ரவூப் நின்ற அதே இடம், கதவை மூடிக்கொண்டு. ஏழு வருஷமெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு காலைப்பொழுது. சங்கு ஊதியதும் முப்பது பேர் முன்னால் பொருந்திக்கிட்டேன் என்று சொல்லிவிடுவாள்.

"இவ்வளவுதானா?" என்று தண்டல் சிரித்துவிட்டாராம். பள்ளிவாசல் படியில் வைத்து, நாலு பேர் கேட்க, "திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லுங்க" என்றாராம். கேட்டவர்கள் அவருடைய பணிவைப் புகழ்ந்தார்கள்.

லெப்பைக்கும் சந்தோஷம். ஏதோ அவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறாள், போகட்டும் என்று நினைத்துக்கொண்டார். ஜைனப் நினைத்தது அது இல்லை. தலை குனிந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். அந்தத் தூசி அவர் நெஞ்சுக்குள் போக வேண்டும். ஒரு பிடி போதும். அது அங்கேயே தங்க வேண்டும். மக்காவில் நின்றாலும் மதீனாவில் நின்றாலும் உள்ளே அது இருக்க வேண்டும். என்றைக்காவது ஒரு நாள் படியேறும்போது அவருக்கு மூச்சு முட்ட வேண்டும், சுவரில் சாய்ந்து உட்கார வேண்டும், அப்போது அவள் பெயர் நினைவுக்கு வர வேண்டும். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை கம்பெனிக் கேட்டில் காவலுக்கு இருந்த ஜாகா அவளைத் தடுக்கவில்லை. தினம் இடியாப்பம் வாங்குகிறவன், அவனுக்கும் வேடிக்கை பார்க்க ஆசை. கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொட்டகைக்கு எதிரே போய் நின்றாள். கூலிகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். லெப்பை ஓரமாக, வேட்டி நுனி தரையில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார். இஞ்சினீர் துரை வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

தண்டல் வெளுத்த கைலியும் புதுச் சட்டையுமாக வந்தார். எல்லாருக்கும் சலாம் சொன்னார். வாசலில் செருப்பைக் கழற்றினார், சட்டைக் கையைச் சுருட்டினார். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் போகிறவர் போல அத்தனை பாந்தம். முகைதீன் வழக்கம்போல முதல் சாக்கை இழுத்துப் போட்டு, வாயைக் கத்தியால் கீறிக் கவிழ்த்தான். உள்ளே வெள்ளையாகப் புகைந்து எழுந்தது. எழுந்து, வாசல் பக்கம் வந்தது.

தண்டல் நிலைப்படியில் நின்றுவிட்டார்.

"கதவு திறந்தே இருக்கட்டும்" என்றார்.

"மூடித்தானே இருக்கும்?" என்றாள் ஜைனப். "காத்துல சரக்குப் பறந்துடும்னு சொல்வீங்களே."

"சரி சரி. டேய் முகைதீன், அடுத்த சாக்குலயிருந்து தண்ணியைத் தெளிச்சு நனைச்சுட்டு அவுருடா. தூசி கிளம்பாது."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் சுற்றி நின்றவர்கள் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார். கூட்டத்தில் மூத்த கூலி வேலாயுதம். கொட்டகையில் ஒன்பது வருஷம் நின்று இன்னும் உயிரோடிருக்கிறவன். அவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"தண்ணி தெளிச்சா தூசி கிளம்பாதா தண்டலு?"

தண்டல் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"ஒம்போது வருசமா உள்ள நிக்கிறேன். பக்கத்துலயே தொட்டி நிறையத் தண்ணி இருக்கு. ஒரு நா ஒரு பொழுது சொல்லலையே நீங்க."

"நனைஞ்சா சரக்குக் கட்டி தட்டிடும்டா. வேலை சுணங்கும். துரை ஏசுவான்."

"துரை ஏசுவான்" என்றாள் ஜைனப். "அதனால இவங்க தின்னட்டும். அப்படித்தானே? உள்ளே போங்க தண்டல். நேரமாகுது."

அவர் லெப்பையின் பக்கம் திரும்பினார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. குரலைத் தணித்துக்கொண்டார். "லெப்பை, முடியாதவங்களுக்குப் பதிலா இன்னொருத்தர் ஹஜ்ஜே செய்யலாம்னு மார்க்கத்துல இருக்குல்ல? அது மாதிரி, என் பேரால முகைதீன் இந்த வேலையைச் செய்யட்டும். அவன் கை பழகுன கை. செஞ்சது நான் செஞ்சதா ஆயிடும்ல?"

லெப்பை அவரைப் பார்த்த பார்வையை ஜைனப் அதற்கு முன் அந்த முகத்தில் கண்டதில்லை. சாந்தமான மனிதருக்கும் அருவருப்பு வரும் என்று அன்றுதான் தெரிந்தது. "அவன் தினமும் உங்க பேராலதான் செய்யுறான்" என்றார் லெப்பை. அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு காலைப்பொழுது தானே தண்டலு" என்றான் வேலாயுதம். "நாங்க வருசக்கணக்கா நிக்கலை? உள்ள என்ன, பாம்பா இருக்கு?"

"எனக்கு வயசாயிடுச்சுடா! கப்பல் ஏறணும். இந்த நேரத்துல இதுக்குள்ள போனா நெஞ்சு போயிடும்டா!"

வாயிலிருந்து விழுந்துவிட்டது. இனி அள்ள முடியாது. சங்கு ஊதியது. அது அடங்குகிற வரைக்கும் ஒருவரும் அசையவில்லை. ரவூபின் காசம், அந்த இரண்டு பேருடைய காசம், இருமுகிறவனைக் கண்டு ஒதுங்கி ஒதுங்கித் தாங்கள் வாழ்ந்த வாழ்க்கை, தூக்கப் போகாத சந்தூக்கு, எல்லாவற்றையும் அவர்கள் அந்த நேரத்துக்குள் நினைத்துப் பார்த்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. ஏனென்றால் யாரும் தண்டலைப் பார்க்கவில்லை. பலர் ஜைனபைப் பார்த்தார்கள். சிலர் அவளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்கள்.

முகைதீன் கத்தியைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தான். அவன் பின்னால் உள்ளே இருந்த மற்றவர்களும் வந்தார்கள்.

இந்த இடத்தில் ஜைனப் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள் என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். அவள் விடவில்லை. அவளுக்கு வெறி வந்தது. கையெட்டும் தூரத்தில் வந்த ஆள் நழுவுகிறான் என்ற வெறி. "உள்ளே போங்க" என்று கத்தினாள். "ஒரே ஒரு மூச்சு! ஒரு மூச்சு இழுத்துட்டு வெளியே வாங்க, இந்த நிமிஷமே பொருந்திக்கிறேன்! அல்லா மேல ஆணையாச் சொல்றேன்!" முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. அதை அவள் எடுத்துப் போடவில்லை.

தண்டல் ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி வைத்தார். திரும்பி, செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், சரளைக் கல்லில் வெறுங்காலோடு கேட்டைப் பார்த்து நடந்தார். கேட்டில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் எழுந்து மாமாவைப் பார்த்தான். பிறகு அவனும் எங்கேயோ பார்த்தான்.

அன்று கொட்டகையில் வேலை நடக்கவில்லை. இஞ்சினீர் துரை வந்து குதித்தான். சீனர்களைக் கொண்டுவருவேன், ஜாவாக்காரர்களைக் கொண்டுவருவேன் என்றான். உலர்துறையில் ஒரு கப்பல் பாய்லரைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றது. அதற்கு நாள் ஏற ஏறக் கம்பெனிக்கு நஷ்டம். மூன்றாம் நாள் கொட்டகையின் இரண்டு பக்கக் கதவுகளையும் கழற்றிக் கீழே போட்டார்கள். சாக்கை நனைத்து அவிழ்க்கலாம் என்றார்கள். கட்டி தட்டினால் தட்டட்டுமாம். தண்டல் வேலையை விட்டு நின்றுகொண்டார் என்று சொல்லிக்கொண்டார்கள். நிறுத்தப்பட்டார் என்பதுதான் சரி; அவர் சொன்னால் கேட்க முப்பதில் ஒரு ஆள் இல்லை.

ஜைனபைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவளிடம் இரண்டு வருஷமாகப் பேசாதவர்கள் பழமும் துணியும் கொண்டுவந்து வைத்தார்கள். வேலாயுதத்தின் பெண்சாதி தங்கம் காலில் விழவே வந்துவிட்டாள்.

"முப்பது பேரைக் காப்பாத்திட்டேடி" என்றாள் ஆமினா பீவி.

"நான் அதுக்குப் போகலை."

"எதுக்குப் போனா என்ன?"

"அவன் இருமுறதைப் பார்க்கப் போனேன். அது நடக்கலை. மத்ததெல்லாம் தானா நடந்துச்சு. என்னை ஒண்ணும் பெரிய இவளாக்காதீங்க."

தங்கத்துக்குக்கூட அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கொண்டுவந்த பழத்தை வைத்துவிட்டுச் சீக்கிரமாகவே கிளம்பினாள்.

ஜித்தா கப்பல் வியாழக்கிழமை காலை புறப்படுவதாக இருந்தது. ஹாஜிகளை வழியனுப்ப எப்போதும் துறைமுகம் கொள்ளாத கூட்டம் வரும். கட்டித் தழுவுவதும், காதில் துஆக் கேட்டுச் சொல்வதும், அழுவதுமாக ஒரே அமளி. நூருல் அமீன் அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒரு தகரப் பெட்டியோடு தனியாக நின்றார். அக்கா மகன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டிருந்தான். லெப்பை மற்ற ஹாஜிகளிடம் எல்லாம் போனார், இவரிடம் வரவில்லை.

ஜைனப் வந்தாள். முகைதீன் வேண்டாம் வேண்டாம் என்று கூடவே வந்தான். அவள் நேராகப் போய் அவர் கண்ணில் படுகிற இடத்தில் நின்றாள்.

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பாவம், கடைசி நேரத்தில் மனம் இரங்கி வந்துவிட்டாள் என்று நினைத்தார். அருகில் வந்தார். இந்தப் பத்து நாளில் பத்து வருஷம் மூத்திருந்தார்.

"ஜைனபு, தப்புதான். தெரிஞ்சுதான் செஞ்சேன். மொத வருசமே தெரியும். சொன்னா ஆள் நிக்கமாட்டான்னு சொல்லலை. இப்பச் சொல்லிட்டேன்ல. நீ கேட்டது இதைத்தானே? பொருந்திக்கிட்டேன்னு சொல்லிடும்மா."

அவள் முதல் நாள் வாசலில் வைத்துக் கேட்டது அதைத்தான். அன்றைக்கு அவர் சொல்லியிருந்தால் ஒருவேளை பொருந்தியிருப்பாள். அவளுக்கே நிச்சயமில்லை.

"இப்படி அனுப்பாதே. அந்தக் காபாவைச் சுத்தி வரும்போதுகூட உன் மொகம்தான் எனக்குத் தெரியும்."

"தெரியணும்னுதான் வந்தேன்" என்றாள் ஜைனப்.

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கப்பலில் மணி அடித்தார்கள். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, மற்றவர்களோடு இடிபட்டு, ஏணியில் ஏறினார். பாதியில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவள் அதே இடத்தில் நின்றாள். கப்பல் கரையை விட்டு விலகித் தீவுகளுக்கு அப்பால் போய், புகை மட்டும் தெரிகிற வரைக்கும் நின்றாள். மனசு குளிர்ந்திருந்தது. அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

திரும்பி நடக்கும்போது முகைதீன் மெதுவாகக் கேட்டான். "ஆளு போயிட்டாரு. ஒத்துக்கவும் செஞ்சுட்டாரு. இனிமேலாவது மனசுக்குள்ளயாச்சும் பொருந்திக்கலாம்ல மதினி?"

"பொருந்திக்கலாம்" என்றாள் அவள். "உன் இருமல் நின்ன அன்னைக்கு."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. சாலையோரத்து விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று வெகுநேரம் இருமினான். ஜைனப் அவன் முதுகைத் தடவிக்கொண்டு, அது அடங்குவதற்காகப் பக்கத்திலேயே நின்றாள்.